திரையில் ஒன்று, தாளில் ஒன்று

கல்யாண ஆல்பம் அச்சாகி வந்ததும் பெண்ணின் அம்மா முதலில் பார்ப்பது முகூர்த்தப் புடவையைத்தான். "தம்பி, நாங்க எடுத்தது நல்ல அரக்கு. இதுல மெரூன் மாதிரில்ல இருக்கு?" என்பார். அடுத்த பக்கத்தைப் புரட்டியதும், "பொண்ணு முகம் ஏம்ப்பா இப்படிக் கறுத்துக் கிடக்கு?" டிசைனர் உடனே கணினியில் அதே பக்கத்தைத் திறந்து காட்டுவார். "பாருங்கம்மா, இங்க நல்லாத்தானே இருக்கு. லேப்லதான் சொதப்பியிருக்காங்க." லேப்காரரைக் கேட்டால், "நீங்க அனுப்புன ஃபைல்ல என்ன இருந்துச்சோ அதுதான் வந்திருக்கு" என்று முடித்துக்கொள்வார்.

மூவரும் தங்கள் கண் கண்டதைத்தான் சொல்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. நல்ல லேப்களில் அச்சு இயந்திரத்தைச் சோதனைப் பட்டை ஓட்டி அடிக்கடி சரிபார்ப்பார்கள். டிசைனர் மேசையில் இருக்கும் மானிட்டரை, அட்டைப்பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து யாருமே சரிபார்த்திருக்க மாட்டார்கள். புகைப்படத் திருத்தத்துக்கும் வடிவமைப்புக்கும் திரை வாங்குகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: அவர் வாங்குவது படம் பார்க்கும் பெட்டி அல்ல, ஓர் அளவுகருவி. அழகாகக் காட்டும் திரை ஆயிரம் கிடைக்கும். உள்ளதை உள்ளபடி, இன்றும் நாளையும் ஒரே மாதிரி காட்டும் திரைதான் வேண்டும்.

கண்ணே போதாதா, கருவி எதற்கு என்று கேட்கலாம். கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதில் உள்ள சிக்கலை ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நேருக்கு நேர் சந்தித்தார். 1824இல் பாரிஸ் நகரின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவின் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் மிஷெல் யூஜேன் ஷெவ்ரல். சித்திரத் திரைச்சீலைகளுக்குப் பேர்போன ஆலை அது. அங்கே ஓயாத புகார் ஒன்று இருந்தது. நீல, ஊதா நிற ஆடைகளின் மடிப்புகளில் நிழலாகப் போடும் கறுப்பு நூலில் கருமை போதவில்லை என்றார்கள். ஷெவ்ரல் மற்ற ஆலைகளில் சாயமிட்ட கறுப்புக் கம்பளி நூல்களை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோப்லான் கறுப்பு எதற்கும் சளைத்ததாக இல்லை. குறை சாயத்தொட்டியில் இல்லை, பக்கத்தில் நெய்த நீலத்தில் இருந்தது. நீலத்தை ஒட்டிக் கறுப்பு இருந்தால், நீலத்தின் எதிர்நிறமான ஆரஞ்சின் சாயலைக் கண் அந்தக் கறுப்பின்மேல் ஏற்றிவிடுகிறது. கருமை வெளிறிப்போகிறது. நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் இந்த விதியை 1839இல் அவர் ஒரு பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார்.

போட்டோஷாப் போன்ற மென்பொருள்களின் பின்புலம் நிறச்சாயல் ஏதுமில்லாத சாம்பலாக இருப்பது இதனால்தான். அதைச் சுற்றி ஊதா விளக்குப்பட்டை ஒட்டி, பச்சை வயல் வால்பேப்பர் போட்டு, பின்சுவருக்கு ரோஸ் பெயின்ட் அடித்துவிட்டு உட்காருகிறவர், கோப்லான் நெசவாளர்கள் மாட்டிக்கொண்ட அதே வலையில் தாமாகப் போய் விழுகிறார். எந்த மானிட்டர் வாங்கினாலும் அவருக்குப் பயன் பாதிதான்.

கண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. மதிய வெயில் படும் திண்ணையில் ஒரு வெள்ளைத்தாள் வெள்ளையாகத் தெரிகிறது. இரவு மஞ்சள் குண்டுபல்பின் கீழும் அதே தாள் வெள்ளையாகவே தெரிகிறது. இரண்டு சமயத்திலும் தாளிலிருந்து வரும் ஒளியை அளந்தால் பெரிய வித்தியாசம் இருக்கும். சுற்றியுள்ள வெளிச்சத்தின் நிறத்தை மூளை கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் நமக்குத் தருகிறது. பழம் பழுத்துவிட்டதா என்று அந்தி நேரத்திலும் சொல்ல முடிவது இந்தத் திறமையால்தான். ஆனால் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவே கேடு. நீலம் தூக்கலாக உள்ள மானிட்டரைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும், அந்த நீலமே கண்ணுக்கு வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளையை நம்பி முகத்தின் நிறத்தைத் திருத்தினால், திரையின் நீலத்தை ஈடுகட்டும் அளவுக்கு மஞ்சளும் சிவப்பும் படத்துக்குள் ஏறிவிடும். திருத்தியவருக்கு அது தெரியாது. இழுத்தால் நீளும் ரப்பர் டேப்பை வைத்து ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும் தையற்காரரின் நிலைமைதான் அவருக்கும். டேப் ஒரே நீளத்தில் நிற்காதவரை கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தும் பயனில்லை.

இனி அந்த முகம் கறுத்துப்போன விஷயத்துக்கு வருவோம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதை நிறக்கோளாறு என்று நினைத்து, நிறத்தைக் கூட்டியும் குறைத்தும் அல்லாடுகிறார்கள். என் கணிப்பில் இது பெரும்பாலும் வெளிச்சக் கோளாறு.

திரையின் ஒளியை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். கடையிலிருந்து வரும் மானிட்டர்கள் பொதுவாக 250 முதல் 350 நிட் வரை ஒளிரும். கடை விளக்குகளுக்கு நடுவே எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதை உச்சத்தில் வைத்தே அனுப்புவார்கள். தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. மேலே விழுவதைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். அறை வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளந்து, அதை ஏறக்குறைய மூன்றரையால் வகுத்தால், நல்ல வெள்ளைத்தாள் எத்தனை நிட் ஒளியைக் கண்ணுக்கு அனுப்புகிறது என்பது கிடைத்துவிடும். அச்சுப்படங்களைச் சாதாரணமாகப் பார்த்து மதிப்பிட ஐஎஸ்ஓ 3664 தரநிலை சொல்லும் வெளிச்சம் 500 லக்ஸ். அதில் தாளின் ஒளி சுமார் 140 நிட். 350 லக்ஸ் உள்ள அறையில் 100 நிட். வீட்டுக் கூடத்தில் ஒரு டியூப்லைட்டின் கீழே 150 லக்ஸ்தான் இருக்கிறது என்றால், ஆல்பத்தின் மிக வெள்ளையான இடம்கூட 45 நிட்டைத் தாண்டாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 நிட் திரையில் மணப்பெண்ணின் முகம் பளிச்சென்று இருக்கிறது. நிழலில் நிற்கும் மாமாவின் சட்டை மடிப்பும் தெளிவாகத் தெரிகிறது. எதையும் வெளுக்க வேண்டியதில்லை என்று டிசைனர் கோப்பை அனுப்பிவிடுகிறார். அதே படம் தாளில் மூன்றில் ஒரு பங்கு ஒளியோடு, சில வீடுகளில் ஆறில் ஒரு பங்கு ஒளியோடு கண்ணுக்கு வருகிறது. கண் இதற்கும் பழகிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் நிழல் பகுதிகள் தப்பாது, அவை ஒரேயடியாகக் கறுப்புக்குள் போய்விடும். நம் ஊர் முகங்களில் அழகான வேறுபாடுகள் பலவும் நடுத்தர ஒளிக்கும் நிழலுக்கும் இடையேதான் இருக்கின்றன. அடிபடுவதும் அவைதான்.

அதனால்தான் அச்சுக்கு வேலை செய்கிறவர்கள் திரையை 80 முதல் 120 நிட்டுக்குள் வைக்கிறார்கள். எஸ்ஆர்ஜிபி தரநிலை தன் மாதிரித் திரைக்கு வகுத்த அளவும் 80 நிட்தான். கருவி இல்லாதவர்கள் இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கலாம். திரை முழுக்க வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவையுங்கள். ஆல்பம் பார்க்கும் அறையில் இருக்கும் அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத்தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை விளக்காகத் தெரிவது நின்று, தாளுக்குத் தாள் சமமாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். முதல் நாள் மங்கலாக இருக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். இரண்டு நாளில் பழகிவிடும். கறுத்த முகங்களில் பாதி இந்த ஒரு காரியத்திலேயே சரியாகிவிடும், அதுவும் காசு செலவில்லாமல். ஆகவே பெட்டியில் 600 நிட், 1000 நிட் என்று போட்டிருந்தால் அச்சு வேலைக்காரர் அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். 100 நிட்டுக்கு இறக்கிய பிறகும் அந்தத் திரை நிறம் மாறாமல் நிற்கிறதா என்பதே அவர் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது நிறம். நம் கண்ணில் நிறம் காணும் கூம்புச் செல்கள் மூன்று வகை. எந்த ஒளி வந்தாலும் கண் அதை மூன்று எண்களாகச் சுருக்கித்தான் மூளைக்கு அனுப்புகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே விளக்குகளை வைத்துக்கொண்டு ஒரு திரை உலகத்தைக் காட்ட முடிவது இதனால்தான். 1920களின் இறுதியில் லண்டனில் டேவிட் ரைட் பத்துப் பேரையும், டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜான் கில்ட் ஏழு பேரையும் உட்காரவைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பக்கம் ஒற்றை நிற ஒளி. மறுபக்கம் மூன்று விளக்குகளின் கலவை. இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை குமிழ்களைத் திருக வேண்டும். அந்தப் பதினேழு பேரின் விடைகளிலிருந்து சிஐஇ என்ற பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1931இல் ஒரு நிற வரைபடத்தை வகுத்தது. இன்று உங்கள் மானிட்டர் பெட்டியில் உள்ள நிறக் கணக்குகள் எல்லாம் அந்தப் பதினேழு ஜோடிக் கண்களில்தான் போய் நிற்கின்றன.

அந்த வரைபடத்தில் ஒரு திரையின் மூன்று விளக்குகளையும் புள்ளிகளாக வைத்துக் கோடிழுத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். முக்கோணத்துக்கு உள்ளே இருக்கும் நிறங்களைத்தான் அந்தத் திரையால் காட்ட முடியும். எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி முக்கோணம், கண் காணும் வரைபடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். இணையமும் பெரும்பாலான போட்டோ லேப்களும் இன்றும் அதன்படிதான் இயங்குகின்றன. 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி ஏறக்குறையப் பாதியைப் பிடிக்கிறது. வேறொரு தரநிலை ஆவணத்திலிருந்து எண்களை எடுத்தபோது நேர்ந்த பிழையில் பிறந்தது அது. அச்சுக்காரர்களுக்கு அது பிடித்துப்போனதால் பிழையைத் திருத்தாமல் புதுப் பெயர் சூட்டி வைத்துக்கொண்டார்கள். டிஜிட்டல் சினிமாவுக்காக வந்த பி3 முக்கோணம் சிவப்பிலும் ஆரஞ்சிலும் விரிந்தது. புதிய கைப்பேசிகள் பலவும் காட்டுவது இதைத்தான்.

எது வேண்டும்? வேலையைப் பொறுத்தது. எஸ்ஆர்ஜிபி மிகவும் குறுகிக்கிடப்பது பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில். ஆஃப்செட் அச்சின் சயான் மையில் ஒரு பகுதி அந்த முக்கோணத்துக்கு வெளியே போய்விடுகிறது. மயில் கழுத்து நிறப் பட்டு சிக்கல் தருவதும் இதே இடத்தில்தான். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த அந்தச் சேலை கோணத்துக்குக் கோணம் மாறுவது ஒரு பக்கம் இருக்க, அதன் செறிந்த நீலப்பச்சையைச் சாதாரணத் திரையால் எட்டவே முடியாமல் போகலாம். சிவகாசிக்குக் காலண்டரும் ஜவுளிக்கடைக் கையேடும் அனுப்புகிறவர்களுக்கு அடோபி ஆர்ஜிபியை 95 விழுக்காட்டுக்கு மேல் தழுவும் திரை உண்மையிலேயே உதவும். கல்யாண ஆல்பம், யூடியூப் முகப்புப்படம், இணைய விளம்பரம் என்று வேலை செய்கிறவர்களுக்கு எஸ்ஆர்ஜிபியை முழுமையாகவும் துல்லியமாகவும் காட்டும் திரையே போதும். இதை நான் தயங்காமல் சொல்வேன்.

ஏனென்றால் அகன்ற நிறத்துக்கு ஒரு விலை உண்டு. படத்தின் நிறக்குறிப்பைப் படிக்கத் தெரியாத மென்பொருள், எஸ்ஆர்ஜிபி கோப்பில் உள்ள எண்களை அப்படியே அகன்ற திரையின் விளக்குகளுக்கு அனுப்பிவிடும். எல்லா நிறமும் எகிறும். முகங்கள் வெயிலில் வெந்தது போலச் சிவந்து தெரியும். அதைப் பார்த்து டிசைனர் நிறத்தைக் குறைப்பார். வாடிக்கையாளரின் போனில் அதே படம் வெளுத்துக் கிடக்கும். மறுபக்கம், அடோபி ஆர்ஜிபியில் சேமித்த கோப்பை நிறக்குறிப்பு பார்க்காத லேபுக்கு அனுப்பினால் அச்சு உயிரில்லாமல் வரும். அகன்ற திரை வாங்குகிறவர், அதை எஸ்ஆர்ஜிபிக்குள் அடக்கிவைக்கும் பொத்தான் மெனுவில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் விழுக்காடுகளைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். என்டிஎஸ்சி என்பது ஒரு பழைய தொலைக்காட்சித் தரநிலை. "72% என்டிஎஸ்சி" என்றிருந்தால் அதன் பரப்பு ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். "45% என்டிஎஸ்சி" என்றால் அந்தத் திரை நிற வேலைக்கு லாயக்கில்லை. மலிவான மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது இந்த ரகம்தான். "120% எஸ்ஆர்ஜிபி" என்பது முக்கோணத்தின் பரப்பை மட்டும் சொல்கிறது. பரப்பில் பெரிய முக்கோணம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்து, வேண்டிய இடத்தில் எட்டாமலும் போகலாம். எத்தனை விழுக்காடு தழுவுகிறது என்பதே சரியான கேள்வி.

பேனல் வகையைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் உள்ள திரவப்படிகம் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளியை வெளியே விடுவது என்று மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தீர்மானிக்கிறது. பழைய டிஎன் பேனலில் மூலக்கூறுகள் கண்ணாடிப் பரப்பிலிருந்து எழுந்து நிற்கும். பார்க்கும் கோணம் சற்றே மாறினாலும் ஒளி மாறிவிடும். தலையை அசைக்காமல், ஒரு முகப்படத்தைத் திரையின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்புக்கு இழுத்துப் பாருங்கள். முகம் கறுத்தோ வெளுத்தோ மாறிக்கொண்டே வந்தால் அது டிஎன். அதில் எந்தத் திருத்தமும் செல்லாது. 1996இல் ஹிட்டாச்சி சந்தைக்குக் கொண்டுவந்த ஐபிஎஸ் வகையில் மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகவே படுத்தபடி திரும்புகின்றன. பக்கத்தில் நின்று பார்க்கும் வாடிக்கையாளருக்கும் உங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே நிறம் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே நிற வேலைக்கு ஐபிஎஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதன் குறை கறுப்பில் இருக்கிறது. கான்ட்ராஸ்ட் பொதுவாக 1000க்கு 1. இருட்டறையில் மூலைகள் லேசாகப் பூத்திருக்கும். விஏ வகையில் 3000க்கு 1 என்று கறுப்பு அருமையாக இருக்கும். ஆனால் கோணம் மாறினால் நிழல் விவரங்கள் கூடியும் குறைந்தும் போகும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு முழுக் கறுப்பு. ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் கருவிப்பட்டைகள் அதில் தடம் பதித்துவிடும் அபாயம் உண்டு. தினம் பத்து மணி நேரம் போட்டோஷாப் திறந்திருக்கும் மேசைக்கு நான் இன்னும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பிட் என்ற எண்ணையும் பாருங்கள். 8 பிட் பேனல் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளைக் காட்டும். 6 பிட் பேனலில் 64 படிகள்தான். 2560 புள்ளி அகலத் திரையில் கறுப்பிலிருந்து வெள்ளைவரை ஒரு சீரான பட்டை போட்டால், 8 பிட்டில் ஒவ்வொரு படியும் பத்துப் புள்ளி அகலம். 6 பிட்டில் நாற்பது. மாலை வானத்தை வைத்து வடிவமைக்கும்போது பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிவது இதனால்தான். மலிவான திரைகள் பக்கத்துப் படிகளை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி இடைவெளியை மறைக்கும். 10 பிட் இருந்தால் நல்லது, 8 பிட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

அளவு விஷயம் எளிது. 60 சென்டிமீட்டர் தூரத்தில் கூரிய கண் பிரித்தறியும் மிகச் சிறிய புள்ளி ஏறக்குறைய 0.17 மில்லிமீட்டர். 24 அங்குல ஃபுல் எச்டி திரையின் ஒரு புள்ளி 0.28 மில்லிமீட்டர், 27 அங்குலக் கியூஎச்டியில் 0.23, 27 அங்குல 4கேயில் 0.16. எழுத்துரு வேலைக்கு 4கே அருமை. 12க்கு 36 அங்குல ஆல்பப் பக்கம் 300 டிபிஐயில் 10,800 புள்ளி அகலம் வரும். 4கே திரையிலும் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகத்தான் முழு அளவில் ஒரு சமயத்தில் தெரியும். ஆனால் நிறம் நம்பகமாக இல்லாத 4கேயைவிட நம்பகமான கியூஎச்டி மேல். வளைந்த திரையில் நேர்கோடு நேராகத் தெரியாது, வடிவமைப்பாளருக்கு அது வேண்டாம். 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் எல்லாம் விளையாடுகிறவர்களுக்கு.

இத்தனையும் பார்த்து வாங்கிய திரையும் ஒரே நிலையில் நிற்பதில்லை. பேக்லைட் வயதாக ஆக மங்கும், அதன் நிறமும் மெல்ல நகரும். பெட்டிக்குள் வரும் "டெல்டா ஈ 2க்குக் கீழ்" என்ற ஆலைச் சான்றிதழ் அது புறப்பட்ட நாளின் நிலைமை. டெல்டா ஈ என்பது கேட்ட நிறத்துக்கும் காட்டிய நிறத்துக்கும் உள்ள தூரம். 1 என்பது கூர்ந்த கண் கண்டுபிடிக்கும் எல்லை. சான்றிதழில் இருப்பது பெரும்பாலும் சராசரி. இருபது நிறங்கள் அருமையாக இருந்து, தோல் நிறம் ஒன்று மட்டும் 4க்குப் போயிருந்தாலும் சராசரி அதை மறைத்துவிடும்.

இதற்குத்தான் காலிப்ரேஷன் கருவி. டேட்டாகலர் நிறுவனத்தின் ஸ்பைடர், காலிப்ரைட் நிறுவனத்தின் கருவிகள் என்று சந்தையில் உண்டு. கைக்குள் அடங்கும். திரையை அரை மணி நேரம் எரியவிட்டுச் சூடான பிறகு, லேசாகப் பின்னால் சாய்த்து, கருவியை நடுவில் தொங்கவிட வேண்டும். இலக்காகக் கொடுக்க வேண்டியவை மூன்று: வெண்மைக்கு டி65, அதாவது சுமார் 6500 கெல்வின், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட படிகள் ஏறும் விதத்தைக் குறிக்கும் காமா 2.2, ஒளி 100 நிட். மென்பொருள் கேட்கும்போது பேக்லைட் வகையையும் சரியாகச் சொல்ல வேண்டும். நீல எல்இடியின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசிய சாதாரண விளக்குக்கும், அகன்ற நிறத்துக்கான பேக்லைட்டுக்கும் ஒளியின் கலவை வேறு. தவறாகச் சொன்னால் கருவியும் தவறாகவே படிக்கும். பிறகு சிவப்பு, பச்சை, நீலம், சாம்பலின் பல படிகள் என்று கட்டங்கள் ஒவ்வொன்றாக மின்னி மறையும். கருவி ஒவ்வொன்றையும் அளந்து, திரை எங்கே எவ்வளவு தவறுகிறது என்று ஒரு குறிப்புக் கோப்பு எழுதும். அதைத்தான் ஐசிசி புரொஃபைல் என்கிறோம். நிறம் அறிந்த மென்பொருள் அதைப் படித்து, திரையின் தவறுக்கு நேரெதிராகத் திருத்திக் காட்டுகிறது.

முடிவில் "முன்", "பின்" என்று மாற்றிக் காட்டும் பொத்தான் ஒன்று வரும். "பின்" என்பதை அழுத்தியதும் திரை மஞ்சளடித்தது போல இருக்கும். பலர் அங்கேயே பயந்து பழையதற்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம். இத்தனை நாள் நீலத்தை வெள்ளை என்று எடுத்துக்கொண்ட கண்ணின் முறையீடு அது. பத்து நிமிடம் வேலை செய்தால் கண் வழிக்கு வந்துவிடும்.

எய்சோவின் கலர்எட்ஜ், பென்க்யூவின் எஸ்டபிள்யூ வரிசை போன்றவற்றில் இந்தத் திருத்தத்தை மானிட்டருக்குள்ளேயே எழுதிவைக்கலாம். சாதாரணத் திரையில் திருத்தம் கணினியின் கிராஃபிக்ஸ் அட்டையில் நடப்பதால், இருக்கிற 256 படிகளில் சிலவற்றைப் பறிகொடுக்க நேரும். உள்ளே எழுதும் திரையில் அந்த இழப்பு இல்லை. அது வசதி உள்ளவர்களுக்கு. வசதி இல்லாதவர்கள் ஏமாந்துபோனதாக நினைக்க வேண்டியதில்லை. கருவி வைத்து மாதம் ஒருமுறை திருத்திய நடுத்தர விலை ஐபிஎஸ் திரை, ஒருமுறைகூடத் திருத்தாத விலையுயர்ந்த திரையைவிட நம்பகமானது. ஒரு லட்சம் ரூபாயையும் மானிட்டரிலேயே போட்டுவிட்டு, கருவிக்குக் காசில்லை என்று சொல்வதைவிடத் தவறான கொள்முதல் இந்தத் தொழிலில் வேறில்லை.

திரை வீட்டுக்கு வந்ததும், கடைக்காரர் மாற்றிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள், முழுத்திரைச் சாம்பல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நான்கு மூலையும் நடுவும் ஒரே சாம்பலாக இருக்க வேண்டும். இடது பக்கம் ரோஸாகவும் வலது பக்கம் பச்சையாகவும் ஓடினால் எந்தக் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கருவி நடுப்பகுதியை மட்டுமே பார்க்கும். தயங்காமல் திருப்பிக்கொடுங்கள். விண்டோஸில் இரவுநேர மஞ்சள் ஒளி அமைப்பை அணைத்துவையுங்கள். மானிட்டரில் தானாகப் பிரைட்னஸ் மாறும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். அறைக்கு நம் கடைகளில் கிடைக்கும் 6500 கெல்வின் கூல் டேலைட் விளக்கு டி65க்கு நெருக்கமானதுதான். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஜன்னல் வெளிச்சம் திரைமேல் விழாதபடி மேசையைத் திருப்பிப்போடுங்கள். உங்கள் லேபிடம் அவர்கள் தாளுக்கான ஐசிசி புரொஃபைலைக் கேளுங்கள். அதைப் போட்டோஷாப்பில் ஏற்றி, அச்சில் எப்படி வரும் என்று அனுப்புவதற்கு முன்பே திரையில் பார்த்துவிடலாம்.

காலிப்ரேஷன் கருவியை ஒருவர் தினமும் பயன்படுத்துவதில்லை. மாதம் ஒரு மணி நேரம் அதிகம். ஆர்கில்சிஎம்எஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அது எந்தக் கணினியிலும் ஓடும். ஆகவே உங்கள் ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒரு கருவி வாங்குங்கள். அதை மாதம் ஒருமுறை கடை கடையாகக் கொண்டுபோய் நான்கு திரைகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். புது மானிட்டருக்குப் பணம் சேர்க்கத் தொடங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.